வலியைப் போற்றிய வைத்தியர்

ஏற்காட்டில் சேர்வராயன் கோயிலுக்குப் போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டே உள்ளே நுழைவார்கள். உச்சிவெயிலில் கல் சுட்டால் நாம் நிழலைத் தேடி ஓடுவோம். நெடுநாள் நீரிழிவினால் பாதம் மரத்துப்போனவரோ நிதானமாக நடப்பார்! வீடு திரும்பிய பின்புதான் கொப்புளம் கண்ணில் படும். இத்தகைய பாதங்களுக்கு வழி கண்டவர்களுள் முக்கியமானவர், சேலத்துக்கு மறுபுறம் கொல்லிமலையில் வளர்ந்தவர் என்பது பலர் அறியாத செய்தி.

1914-ல் பிறந்த பால் பிராண்டின் பெற்றோர் ஆங்கிலேயப் பாதிரிமார். மலைவாசிகளுக்கு வைத்தியமும் செய்து வந்தனர். பாறைகளில் வெறுங்காலுடன் ஓடித் திரிந்த சிறுவன், 9 வயதில் படிப்புக்காக இங்கிலாந்து சென்றான். 1929-ல் தந்தை மலையிலேயே காய்ச்சலுக்குப் பலியானார். மகன் ரண சிகிச்சை நிபுணராகி 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

தொழுநோயாளிகளின் சதைக்கே ஆறும் சக்தி இல்லை என்று வைத்தியர்கள் பலர் நம்பிய காலம் அது. பிராண்ட் நம்பவில்லை. நோய் நரம்பைக் கெடுக்கிறது, வலி மறைகிறது, வலி இல்லாததால் புண்ணின் மீதே மிதித்து நடக்கிறார்கள் என்று கண்டார். மாவுக்கட்டுப் போட்டு, புண்ணின் மேல் அழுத்தம் விழாமல் செய்ததும் ஆறாத புண் ஆறியது. தூங்கும்போது விரலை எலி கடித்தாலும் தெரியாத நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தாராம்! மெத்தென்ற ரப்பரில் மிதியடிகளும் செய்வித்தார்.

ஒரு சமயம் இங்கிலாந்தில் நீண்ட ரயில் பிரயாணத்துக்குப் பின் அவருடைய குதிகாலே மரத்திருந்தது. ஊசியால் குத்தினார், வலிக்கவில்லை. நோய் தம்மையும் பற்றிவிட்டதென்று இரவெல்லாம் கலங்கினார். காலையில் மறுபடி குத்தியபோது சுரீரென்று வலித்தது. அந்த வலிக்கு மனமார நன்றி செலுத்தினார். வலிக்கு இப்படி ஒரு வரவேற்பு வேறு எங்கே கிடைத்திருக்கும்?

1966-ல் அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் ஆஸ்பத்திரிக்குச் சென்றார். நீரிழிவுக்காரரின் பாதத்தில் வரும் புண்ணும் தாம் வேலூரில் கண்டதைப் போன்றதே என்று அங்கே எடுத்துக்காட்டினார். நோய் வேறு, மரத்த கால் ஒன்றே. புண் வருமுன் அந்த இடம் சூடேறுகிறது என்பதும் அவர் வற்புறுத்திய உண்மை.

ஆகவே வலி செய்யவேண்டிய காவலைக் கண்ணும் கையும் செய்ய வேண்டும். தினமும் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாதவர் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம், வீட்டாரைப் பார்க்கச் சொல்லலாம். கழுவியபின் விரலிடுக்கில் ஈரம் தங்கலாகாது. கால் ஆணியைப் பிளேடால் சீவ வேண்டாம். வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும். போடுமுன் கல், முள் இருக்கிறதா என்று உள்ளே தடவிப் பாருங்கள். ஏற்காட்டுக் குளிருக்கு நெருப்பில் கால் காய்வதும் வெந்நீர்ப் பை வைப்பதும் மரத்த காலுக்கு ஆபத்து. சிறு புண்ணோ, ஓரிடத்தில் சிவப்போ சூடோ கண்டால், வலிக்கவில்லையே என்று காத்திராமல் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

பிராண்ட் 2003 ஜூலையில், 88-ம் வயதில் அமெரிக்காவில் காலமானார். நீரிழிவுப் புண்ணுக்கு மாவுக்கட்டுப் போடும் முறை இன்றும் கையாளப்பட்டு வருகிறது.