திருச்சிக்கோட்டையும் சந்தா சாகிபும்

அரசபதவி மோகம் ஒரு மனிதனை எதுவரை இழுத்துச் செல்லும் என்றறிய அந்நிய தேசம் போக வேண்டியதில்லை. நம் நொய்யல் போய்க் கலக்கும் காவிரியின் கரையிலே, திருச்சிராப்பள்ளியிலே, அது நடந்திருக்கிறது.

சந்தா சாகிப் ஆற்காட்டு நவாப் தோஸ்து அலியின் மருமகன், வீரன், சாமர்த்தியசாலி. 1732-ல் மதுரை நாயக்க மன்னர் விஜயரங்க சொக்கநாதர் பிள்ளையின்றி இறக்கவே, ராணி மீனாட்சி திருச்சியிலிருந்து அரசாண்டாள். வங்காரு திருமலை பட்டத்துக்குப் போட்டியிட்டார். திக்கற்ற ராணி சந்தா சாகிபை நாடினாள். அவளைக் காப்பதாக அவன் திருக்குர்ஆன்மேல் சத்தியம் செய்தான். அதை நம்பிக் கோட்டைக் கதவு திறந்தது. 1736-ல் கோட்டை கைக்கு வந்ததும், காப்பதாகச் சொன்னவளையே சிறை வைத்தான். அந்தோ, அந்த அபலை நஞ்சுண்டு மாண்டாள்!

1741-ல் மராட்டியர் கோட்டையைப் பறித்து, அவனைச் சத்தாராவுக்குக் கைதியாகக் கொண்டுபோனார்கள். சிறையிலாவது ஆசை அடங்கியதா? விடுதலையானதும், 1749-ல், பிரஞ்சுக்காரர் துணையோடு ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருதீனை வீழ்த்தி ஆற்காட்டு நவாப் ஆனான். அதுவும் போதவில்லை. அன்வருதீன் மகன் முகம்மது அலி அடைக்கலம் புகுந்திருந்த திருச்சிக்கோட்டையும் வேண்டுமென்று முற்றுகையிட்டான். அதற்குள் 1751-ல் கிளைவ் ஆற்காட்டையே பிடித்துக்கொண்டார்.

1752-ல் ஸ்ரீரங்கத்தில் வளைக்கப்பட்டான். தஞ்சைத் தளபதி மானோஜி உயிருக்குச் சேதமில்லை என்று சத்தியம் செய்தான். அதை நம்பி வந்தவனை விலங்கிட்டு, சில நாளில் தலையை வெட்டினார்கள். மானோஜி செய்ததும் மகா பாதகமே.

அத்தலை முகம்மது அலியிடம் அனுப்பப்பட்டது. ஒட்டகத்தின் கழுத்தில் அதைக் கட்டி, திருச்சிக்கோட்டை மதிலை ஐந்து முறை சுற்றிவரச் செய்தார்கள்.