ஜோஸப் ஹோவ்: சமஷ்டியும் ஜன சம்மதமும்

பல மாகாணங்களை ஒரே சமஷ்டியாக இணைக்கும் சட்டத்தை வரைவது சுலபம். ஆனால், ஒரு மாகாணத்துக்கு வரமாகத் தோன்றும் திட்டம் மற்றொன்றுக்குச் சாபமாகத் தோன்றக்கூடும். ராஜதந்திரிகள் மறந்துவிடும் இவ்வுண்மையைத் தம் வாழ்க்கையாலேயே விளக்கியவர், கானடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத் தலைவர் ஜோஸப் ஹோவ்.

1804-ம் வருஷம் டிஸம்பர் 13-ந் தேதி ஹாலிபாக்ஸ் நகரில் பிறந்த ஹோவ், பள்ளிப் படிப்பு அதிகமின்றி, இளமையிலேயே அச்சுக்கூட வேலையில் அமர்ந்தார். 1827-ன் இறுதியில் 'நோவாஸ்கோஷியன்' பத்திரிகையை விலைக்கு வாங்கினார். நகர மாஜிஸ்ட்ரேட்டுகளின் ஊழல்களை அம்பலப்படுத்தியதற்காக 1835-ல் அவர்மீது அவதூறு வழக்குத் தொடரப்பட்டது. தாமே ஆறு மணி நேரத்துக்கு மேல் வாதாடினார். ஜூரர்கள் பத்தே நிமிஷத்தில் அவரைக் குற்றமற்றவரென விடுவித்தனர். பின்னர் சட்டசபையில் புகுந்து அவர் நடத்திய கிளர்ச்சியின் பயனாக, 1848-ல் பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளுள் முதன்முதலாக நோவா ஸ்கோஷியா பொறுப்பாட்சி பெற்றது.

1864-ல் சமஷ்டித் திட்டம் எழுந்தபோது ஜன அபிப்பிராயம் இடத்துக்கு இடம் மாறுபட்டது. ஜனத்தொகை மிகுந்த மேல் கானடா அதை ஆவலுடன் வரவேற்றது. பிரெஞ்சு மொழியினர் வாழ்ந்த கீழ்க் கானடா இரண்டாகப் பிளவுற்றது. தங்கள் மொழியையும் மதத்தையும் மாகாண சர்க்கார் காக்குமென்று ஒரு சாராரும், பெரும்பான்மையோரால் விழுங்கப்படுவோமென்று மறு சாராரும் கருதினர். நோவா ஸ்கோஷியாவோ சமுத்திரத்தை நோக்கி வாழ்ந்த நாடு. அதன் வியாபாரம் பாஸ்டனோடும் லண்டனோடும் நடந்தது. கானடாவோடு ரயில் தொடர்புகூட இல்லை. சுங்கவரி உயரும், 181 ஸ்தானங்கள் கொண்ட சபையில் தங்களுக்குக் கிடைப்பதோ 19 என்று ஹோவ் எச்சரித்தார்.

ஆயினும் டப்பர் மந்திரிசபை, தேர்தல் நடத்தாமலே 1866-ல் சட்டசபையில் தீர்மானத்தை நிறைவேற்றியது. 1867 ஜூலை 1-ந் தேதி சமஷ்டி உதயமாயிற்று. செப்டம்பரில் ஜனங்கள் தீர்ப்பளித்தனர். சமஷ்டி சபைக்குரிய 19 ஸ்தானங்களில் 18-ம், மாகாண சபையின் 38-ல் 36-ம் எதிர்ப்பாளருக்கே கிட்டின!

ஹோவ் 1868-ல் லண்டன் சென்று முறையிட்டார். பிரிட்டிஷ் சர்க்கார் செவிசாய்க்கவில்லை. ஆயுதக் கலகத்தையோ அமெரிக்காவுடன் சேர்வதையோ அவர் விரும்பவில்லை. 1869 ஜனவரியில் மாகாணத்துக்கு அதிக மானியம் பெற்று மாக்டனால்டின் மந்திரிசபையில் சேர்ந்தார். நேற்றைய தோழர்கள் அவரைத் துரோகியென்று தூற்றினர். அவ்வருஷத்து இடைத்தேர்தலில் வென்றாராயினும், அப்போராட்டம் அவருடைய தேகத்தைக் குலைத்தது. 1873 மே மாதம் மாகாண கவர்னரான அவர், ஜூன் 1-ந் தேதி காலமானார்.

ஹோவ் துரோகியென்று நாம் கருதவில்லை. வழிகள் யாவும் அடைபட்ட பின், தம் ஜனங்களுக்குக் கிடைக்கக்கூடியதை அவர் பெற்றுத் தந்தார். குற்றம் ஜனங்களைக் கேளாது இணைத்தவர்களுடையது. அண்டை மாகாணமான நியூ பிரன்ஸ்விக்கில் 1865-ல் சமஷ்டியை நிராகரித்த வாக்காளர்களே 1866-ல் அதற்கு இசைந்தனர். நோவா ஸ்கோஷியாவிலோ 1886-லும் பிரிவினைக் கோஷம் தேர்தலில் வென்றது. சம்மதமின்றிக் கட்டிய ஐக்கியம் சட்டத்தால் நிற்கலாம். ஜனங்களின் உள்ளத்தில் வேரூன்ற நெடுங்காலமாகும்.