ஏட்டு ரேஸை ட்ராக்குக்கு இறக்கிய கோவை கரிவரதன்!

கொடைக்கானல்: வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்தால் காரின் குணம் தெரிந்துவிடும். அந்தக் காலத்து ஃபியட், ஹெரால்டு, அம்பாசடர் எல்லாம் பாதி மலையிலேயே ரேடியேட்டர் கொதித்து மூச்சு வாங்கும். ஓரம் கட்டி, பானட்டைத் திறந்து, தண்ணி ஊத்தி, கொஞ்ச நேரம் ஆற வெச்சு, அப்புறம்தான் பெருமாள்மலை பக்கமே போக முடியும். இறங்கும்போது பிரச்னை வேறு. பிரேக்கை மிதித்துக்கிட்டே வந்தால் சூடேறி பிடிப்பு போய்விடும்.

அதே பழைய கார்களை வைத்து, அதே கோளாறுகளோடு மல்லுக்கட்டி, மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் பறந்தவர்கள் தமிழ்நாட்டில் இருந்தார்கள். அவர்களில் காரை ஓட்டியதோடு நிற்காமல், ரேஸ் காரையே நம்ம ஊரில் செய்து காட்டியவர் கோவை கரிவரதன்.

பஞ்சாலை வீட்டுப் பிள்ளை

1910ல் கோவையில் லட்சுமி மில்ஸை ஆரம்பித்த ஜி.குப்புசாமி நாயுடுவின் பேரன் இவர். பிறந்தது 1954ல். வீட்டில் பணத்துக்குப் பஞ்சமில்லை. ஆபீஸில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தாலே காலம் ஓடியிருக்கும். ஆனால் மனுஷனுக்கு மனசெல்லாம் இன்ஜின் சத்தத்தில்தான். நண்பர்களுக்கு இவர் வெறும் கரி.

அப்போது தென்னிந்தியாவில் ரேஸ் என்றால் சோழவரம்தான். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் அது. 1950களில் இருந்து அங்கே கார், பைக் பந்தயம் நடந்தது. கூட்டம் அலைமோதும். ராஜகுடும்பத்தினரும் பெரும் தொழிலதிபர்களும் வெளிநாட்டில் இருந்து கார் வரவழைத்து ஓட்டினார்கள். விஜய் மல்லையா பழைய ஃபார்முலா ஒன் காரையே கொண்டு வந்து இறக்கியவர் என்பது குறிப்பிடத்தக்கது.

மற்றவர்கள் என்ன செய்வார்கள்? வீட்டு ஃபியட்டின் சீட்டைக் கழற்றி, எடையைக் குறைத்து, இன்ஜினைக் குடைந்து வேகம் ஏற்றி ஓட்டுவார்கள். வேகம் ஏறும். ஆனால் காரின் உடம்பு அந்த வேகத்துக்காகப் பிறந்ததில்லை. ரோட்டுக்குச் செய்த பிரேக், ரோட்டுக்குச் செய்த டயர். கார் உருண்டால் கூரை அப்பளம்தான்.

மாருதி இன்ஜின், நம்மூர் இரும்பு

கரிவரதனும் சோழவரத்தில் ஓட்டினார், ஜெயித்தார். ஆனால் அவர் மண்டையைக் குடைந்தது வேற கேள்வி. பணக்காரன் மட்டும்தான் ரேஸ் ஓட்டணுமா? திறமை இருக்கிற நடுத்தர வீட்டுப் பையன் எங்கே போவான்?

பதில் கோவைப் பட்டறைகளிலேயே கிடைத்தது. மோட்டார், பம்ப்செட், பஞ்சாலை மிஷின் என எல்லாம் செய்கிற ஊர் அது. லேத், வெல்டிங், வார்ப்பு வேலைக்கு ஆள் பஞ்சமே இல்லை. 1983ல் மாருதி 800 வந்ததும் கையடக்கமான இன்ஜின் ஒன்றும் கிடைத்தது. 796 சிசி, மூணு சிலிண்டர், ரோட்டு காரில் 40 குதிரைத்திறன்கூட வராது. ஸ்பேர் பார்ட்ஸ் எல்லா ஊரிலும் கிடைக்கும். மெக்கானிக்குகளுக்கும் அத்துப்படி.

அந்த இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எடுத்து, டிரைவருக்குப் பின்னால் பொருத்தி, இரும்புக் குழாய் சட்டத்தில் ஒற்றை இருக்கை ரேஸ் கார் செய்தார் கரிவரதன். அதுதான் ஃபார்முலா மாருதி. அவருடைய சூப்பர் ஸ்பீட்ஸ் பட்டறையில் உருவான இந்த கார்கள் 1980களின் பிற்பகுதியில் பந்தயத்துக்கு வந்தன. கதவு, கூரை, பின்சீட்டு என எதுவும் இல்லாததால் எடை வெகுவாகக் குறைந்தது. சின்ன இன்ஜினே காரைத் துள்ள வைத்தது.

விதி என்பது வேலி

இதில் பெரிய விஷயம் வேகம் இல்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி கார் என்பதுதான். ஒருத்தன் லட்சக்கணக்கில் கொட்டி இன்ஜினை மாற்ற முடியாது. அப்படியானால் ஜெயிப்பது பர்ஸா, பையனா என்ற சந்தேகமே வராது.

பாதுகாப்பும் அதே விதிக்குள் அடங்கிவிடும். ரேஸுக்கு முன்னால் ஒவ்வொரு காரையும் பரிசோதகர்கள் தடவிப் பார்ப்பார்கள். கார் கவிழ்ந்தால் தலையைக் காக்க, ஹெல்மெட்டை விட உயரமாக இரும்பு வளையம் இருக்கணும். தோள், இடுப்பு எல்லாம் சேர்த்துக் கட்டும் பெல்ட் வேணும். வெளியே நிற்கிறவரும் கரண்டை நிறுத்தும்படி கட்-ஆஃப் சுவிட்ச் வேணும். பெட்ரோல் டேங்க் கசியக்கூடாது. தீயணைப்பான் கைக்கு எட்டணும். ஒண்ணு குறைந்தாலும் கார் ட்ராக்கில் இறங்காது.

இன்றைக்கு யாராவது தாத்தா காலத்து ஹெரால்டை ரேஸுக்குத் தயார் செய்தாலும் வரிசை இதுதான். முதலில் நிற்கிற வழி, அடுத்து உயிர் பிழைக்கிற வழி, கடைசியில்தான் பறக்கிற வழி. பெயின்ட்டும் பாலிஷும் அதற்கும் அப்புறம்.

கோவைப் பையன் உலக மேடையில்

1990ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே ட்ராக் வந்தது. அங்கே ஃபார்முலா மாருதியில் தொடங்கியவர்தான் கோவையின் நரேன் கார்த்திகேயன். 2005ல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன்னில் இறங்கிய முதல் இந்தியர் ஆனார்.

அதே ஆண்டு அமெரிக்க கிராண்ட் பிரீயில் டயர் பாதுகாப்பு இல்லை என்று மிச்செலின் டயர் போட்ட 14 கார்கள் ஒதுங்கிக்கொள்ள, மீதி 6 கார்கள்தான் ஓடின. அதில் நரேன் நாலாவது வந்து 5 புள்ளி எடுத்தார். உலகத்தின் உச்ச பந்தயத்திலேயே பாதுகாப்பு சரியில்லை என்றால் காரை நிறுத்துவார்கள் என்பதற்கு அதைவிட சாட்சி வேண்டாம்.

இதைப் பார்க்க கரிவரதன் இல்லை. 1995 ஆகஸ்டில் நடந்த சிறிய ரக விமான விபத்தில் அவர் உயிர் போய்விட்டது. நாற்பதைத் தொட்ட வயசு. அத்தனை வருஷம் ரேஸ் ட்ராக்கில் பறந்தவரை ஆகாயம் எடுத்துக்கொண்டது.

பெயர் சொல்லும் ட்ராக்

அவரோடு வேலையை ஊர் விடவில்லை. கோவை செட்டிபாளையத்தில் 2003ல் திறக்கப்பட்ட ட்ராக்குக்கு கரி மோட்டார் ஸ்பீட்வே என்றே பெயர். சுற்று இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அடுத்தடுத்த தலைமுறைப் பிள்ளைகள் அங்கேதான் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றார்கள்.

லீவு நாளில் பழனி மலைப்பாதையில் பந்தயம் விட ஆசைப்படுகிற தம்பிகளுக்கு இந்தக் கதையில் சேதி இருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் எதிரே வருவது காய்கறி வண்டியா, காலேஜ் பஸ்ஸா என்று யாருக்கும் தெரியாது. அங்கே கொடி காட்ட ஆள் இல்லை, ஓடி வர ஆம்புலன்ஸ் இல்லை, தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளம்தான்.

வேகம் வேணுமா? நிதானமாக பழனிக்கு இறங்கி, உடுமலை, பொள்ளாச்சி தாண்டினால் செட்டிபாளையம். ஹெல்மெட்டை மாட்டி, பெல்ட்டை இறுக்கிக் கட்டி, அங்கே எவ்வளவு வேணும்னாலும் மிதிக்கலாம். அதற்குத்தானே அந்த மனுஷன் ஆயுசையே செலவு பண்ணினார்!