அம்புக்கு அஞ்சாத செபஸ்தியார்



ஏறக்குறைய 1700 ஆண்டுகளுக்கு முன் உரோமாபுரியில் வாழ்ந்த படைவீரர் செபஸ்தியார். பேரரசர் தியோக்கிளேசியனின் காவற்படையில் நல்ல பதவி. ஆனாலும், சிறையில் வாடிய கிறிஸ்தவர்களுக்கு மறைவாகத் தைரியம் சொல்லி வந்தாராம். விஷயம் அரசர் காதுக்கு எட்டியது. கம்பத்தில் கட்டி அம்பு எய்யச் சொன்னார்.

செத்துவிட்டார் என்று வீரர்கள் போய்விட்டார்கள். அவர் சாகலே! அடக்கம் செய்ய வந்த ஐரீன் என்ற விதவை, உயிர் இருப்பதைக் கண்டு, வீட்டுக்குக் கொண்டுபோய்க் காயத்தை ஆற்றினார்.

அப்புறம் ஓடித் தப்பியிருக்கலாம் அல்லவா? ஓடவில்லை. அரசர் முன்னாலேயே போய் நின்று, குற்றமற்றவர்களை வதைப்பது அநியாயம் என்று எடுத்துச் சொன்னார். இம்முறை தடியால் அடித்தே கொன்றார்கள்.

இந்தக் கதை அவர் இறந்து நூறாண்டுக்கு மேல் கழித்து எழுதப்பட்டது. 354-ஆம் ஆண்டுப் பட்டியலில் இருப்பதோ அவர் பெயர், ஜனவரி 20 என்ற நாள், கல்லறை உள்ள இடம், அவ்வளவுதான். உரோமாபுரியில் 7-ஆம் நூற்றாண்டுச் சித்திரம் ஒன்றில் அவர் தாடி வைத்த முதியவர். 680-இல் இத்தாலியில் கொள்ளைநோய் பரவியபோது பவியா நகரத்தார் அவருக்குப் பீடம் எழுப்பினர். 1348-இல் பெருங்கொள்ளைநோய் வந்தபின், நோயை அம்பாக நினைத்த மக்கள் அவரிடம் அடைக்கலம் தேடினர். ஓவியர்களும் அம்பு தைத்த இளைஞராக அவரை வரையலானார்கள்.

காலத்துக்குக் காலம் படம் மாறிச்சு. காயம் ஆறியதும் திரும்பிப் போய் நியாயம் கேட்ட அந்த நெஞ்சுரத்தை மட்டும் நாம் மறக்கலாகாது.