மிச்சமாகக் கிடைத்த மாண்டலின்

குழந்தைகளே! உங்களில் யாரெல்லாம் வீட்டில் கடைக்குட்டி? அண்ணன், அக்கா எடுத்தது போக மிச்சம்தான் எனக்கு என்று அழுதிருக்கிறீர்களா? அப்படியென்றால் பில் மன்றோவின் கதையைக் கேளுங்கள்.

அமெரிக்காவில் கென்டக்கி என்றொரு மாநிலம். அங்கே ரோசின் என்ற சிற்றூருக்கு அருகில் 1911 செப்டம்பர் 13 அன்று பிறந்தார் பில். எட்டுப் பிள்ளைகளில் கடைசி. ஒரு கண் மாறுகண். பார்வையும் மங்கல். மற்றவர்கள் கேலி செய்ததால் யாரைப் பார்த்தாலும் கூச்சப்பட்டு ஒளிந்துகொள்வார்.

அந்த வீட்டில் எல்லோருக்கும் இசை என்றால் உயிர். ஓர் அண்ணன் வயலினை எடுத்துக்கொண்டார். இன்னோர் அண்ணன் சார்லி கிடாரை எடுத்துக்கொண்டார். பில்லுக்கு மிஞ்சியது மாண்டலின். அதையாவது முழுதாகக் கொடுத்தார்களா? இல்லை! மாண்டலினில் எட்டுத் தந்திகள் உண்டு. சத்தம் அதிகம் வரக்கூடாது என்று நான்கைக் கழற்றிவிடச் சொன்னார்கள்!

பத்து வயதில் அம்மாவை இழந்தார் பில். 16 வயதில் அப்பாவும் போய்விட்டார். ஆதரவு கொடுத்தவர் தாய்மாமன் பென். அவர் நல்ல வயலின் கலைஞர். நடன நிகழ்ச்சிகளுக்கு மருமகனையும் கூட்டிச் சென்று வாசிக்க வைத்தார். அர்னால்டு ஷூல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரின் வாசிப்பும் பில்லின் மனதில் பதிந்தது.

வளர்ந்தபின் அண்ணன் சார்லியுடன் சேர்ந்து பாடிப் புகழ் பெற்றார். 1938-இல் இருவரும் பிரிந்தார்கள். பில் சொந்தமாக ஒரு குழு தொடங்கினார். கென்டக்கிக்கு 'நீலப்புல் மாநிலம்' என்று செல்லப்பெயர் உண்டு. ஆகவே குழுவுக்கு 'புளூகிராஸ் பாய்ஸ்', அதாவது 'நீலப்புல் பையன்கள்' என்று பெயர் வைத்தார். 1939-இல் நாஷ்வில் நகரின் புகழ்பெற்ற 'கிராண்ட் ஓலே ஓப்ரி' வானொலி நிகழ்ச்சியில் இடம் கிடைத்தது.

1945-இல் ஏர்ல் ஸ்கிரக்ஸ் என்ற இளைஞர் குழுவில் சேர்ந்தார். மூன்று விரல்களால் பாஞ்சோவை அவர் மீட்டிய வேகத்தைக் கேட்டவர்கள் அசந்துபோனார்கள். மாண்டலின், பாஞ்சோ, வயலின், கிடார், பெரிய பாஸ் வாத்தியம் ஆகிய ஐந்தும் சேர்ந்து, மின்னல் வேகத்தில் ஒரு புது இசை பிறந்தது. மற்றவர்களும் அதேபோல வாசிக்கத் தொடங்கினார்கள். தன் இசையை எடுத்துக்கொள்கிறார்களே என்று பில்லுக்கு முதலில் கோபம்தான். ஆனால் குழுவின் பெயரே அந்த இசைக்குப் பெயராகிவிட்டது. அதுதான் 'புளூகிராஸ்' இசை!

அவருடைய குழுவில் பயிற்சி பெற்றுச் சென்றவர்கள் 150 பேருக்கு மேல். அவர் எழுதிய ஒரு பாட்டை 1954-இல் தன் முதல் இசைத்தட்டில் பாடியவர் யார் தெரியுமா? எல்விஸ் பிரெஸ்லி!

1985-இல் யாரோ வீடு புகுந்து பில்லின் அருமை மாண்டலினை அடித்து நொறுக்கிவிட்டார்கள். கிப்சன் நிறுவனத்தின் கைவினைஞர் சில்லுகளைப் பொறுமையாக ஒட்டித் திருப்பித் தந்தார். பில் மறுபடியும் அதிலேயே வாசித்தார்.

1996 செப்டம்பர் 9 அன்று, 85-ஆவது பிறந்தநாளுக்கு நான்கே நாள் இருக்கும்போது அவர் மறைந்தார். உடல் சொந்த ஊரான ரோசினிலேயே அடக்கம் செய்யப்பட்டது.

சத்தம் கேட்கக்கூடாது என்று நான்கு தந்திகளைக் கழற்றச் சொன்னார்கள். அந்த மாண்டலினின் சத்தம் உலகம் முழுவதும் கேட்டது. உங்கள் கையில் மிச்சமாகக் கிடைத்தது எது, குழந்தைகளே? அதை இன்றைக்கே எடுத்துப் பழகுங்கள்!