அம்மை கண்ட நகரை விட்டகலாத ஆயன்



காற்றையும் கடலையும் பற்றித் தீவக மக்களுக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. கடல் கொந்தளித்தால் குறிகட்டுவானில் படகு நிற்கும். படகு நின்றால் நெடுந்தீவும் நயினாதீவும் தனித்துப்போகும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் நம் வட பகுதியையும் அலைக்கழித்தது. 2008 நவம்பரில் நிஷா புயலின் பெருமழை யாழ்ப்பாணத்தை வெள்ளக்காடாக்கியது. இத்தகைய நாட்களில் ஊர்காவற்றுறையிலும் பிற தீவுகளிலும் உள்ள ஆலயங்கள் அடைக்கல வீடுகளாகின்றன. பங்கு இளைஞர்கள் உலை வைக்கின்றனர். புனித வின்சென்ட் டி போல் சபையினர் வீடு வீடாகச் செல்கின்றனர். கரித்தாஸ் பணியாளர் உலர் உணவுப் பொதிகளைச் சுமந்து வருகின்றனர்.

இத்தகைய பணியின் தொடக்கத்தை நம் நாட்டில் நாம் எங்கே தேடுவது? முந்நூறு ஆண்டுகளுக்கு முன் கண்டி மாநகரில், அம்மை நோயாளரின் பாயருகே அமர்ந்திருந்த மெலிந்த உருவம் ஒன்றிடம் நம் பார்வை செல்லட்டும். அவரே இலங்கையின் திருத்தூதரான புனித யோசேவ் வாஸ் அடிகளார்.

கோவாவிலுள்ள பெனோலிம் என்னும் ஊரில் 1651 ஏப்ரல் 21-ஆம் நாள் அவர் பிறந்தார். பக்தி நிறைந்த கொங்கணிக் கத்தோலிக்கக் குடும்பம் அது. 1676-இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். மறு ஆண்டே தம்மைத் தேவ அன்னையின் அடிமையாக எழுத்தில் ஒப்புக்கொடுத்தார். இலங்கையில் கத்தோலிக்கர் குருக்களின்றித் தவிக்கும் செய்தி அவர் உள்ளத்தை வாட்டியது. போர்த்துக்கேயரை வென்று 1658-இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருக்களை நாட்டுக்குள் விடவில்லை. ஆலயங்களைத் தம் வசப்படுத்தினர். ஊர்காவற்றுறைக்கு எதிரே கடல் நடுவில் இன்றும் நிற்கும் கடற்கோட்டையும் அவர்கள் கையில் இருந்தது. நம் கடல்வழிகள் காவலுக்கு உட்பட்டிருந்தன.

கோவாவில் உள்ளூர்க் குருக்கள் ஒன்றுகூடித் தொடங்கிய ஓரற்றோரியன் குழுவில் 1685-இல் அடிகளார் இணைந்தார். வெள்ளைக்காரக் குருவை எளிதில் அடையாளம் காணும் ஒல்லாந்தர், கூலித் தொழிலாளியின் கோலத்தில் வரும் இந்தியர் ஒருவரை அவ்வளவாகக் கவனிக்கமாட்டார்கள் என்பதை அவர் உணர்ந்திருந்தார். தூத்துக்குடிக்கு நடந்து வந்து, யோவான் என்னும் பணியாளருடன் படகேறி, 1687-இல் இலங்கை மண்ணை அடைந்தார்.

அந்த வருகையில் வெற்றியின் சாயல் எதுவுமில்லை. கடற்பயணமும் பட்டினியும் அவரை வருத்தின. கடும் வயிற்றுக்கடுப்பு நோயுடனேயே யாழ்ப்பாணம் சேர்ந்தார். அறிமுகமற்ற ஊரில், கையில் காசின்றி, பிச்சைக்காரர் போலக் கிடந்தார். இரக்கமுள்ள பெண் ஒருவர் கொடுத்த கஞ்சியே அவரையும் யோவானையும் உயிர்பிழைக்கச் செய்தது என அவருடைய வரலாறு கூறுகிறது. பின்னாளில் நோயாளருக்குக் கஞ்சி ஊட்டிய கை, முதலில் கஞ்சிக்காக நீட்டப்பட்ட கை என்பதை நீங்கள் மறந்துவிடலாகாது.

கழுத்தில் செபமாலை அணிந்து வீடு வீடாகச் சென்று இரந்தார். அதைக் கண்டு யார் முகம் மலர்கிறதோ அவரே கத்தோலிக்கர் என அறிந்துகொண்டார். சில்லாலை மக்கள் அவரை மறைத்துக் காத்தனர். இரவில் திருப்பலி, பகலில் தலைமறைவு என்றே அவரது வாழ்வு கழிந்தது. 1689-ஆம் ஆண்டு நத்தார் இரவில் ஒல்லாந்தப் படையினர் வழிபாட்டுக்குக் கூடியிருந்தோரைச் சுற்றிவளைத்தனர். அடிகளார் தப்பினார், ஆனால் மக்கள் பிடிபட்டு வதைபட்டனர். தொன் பேதுரு என்னும் விசுவாசி அந்த வதையிலேயே உயிர் நீத்தார்.

அதன்பின் அடிகளார் புத்தளம் வழியாகக் கண்டி அரசை நாடினார். அங்கோ போர்த்துக்கேய உளவாளி என்ற ஐயத்தின் பேரில் 1692-இல் சிறைப்படுத்தப்பட்டார். சிறையில் சிங்கள மொழி கற்றார். அவர் குற்றமற்றவர் என்பது காலப்போக்கில் தெளிவாயிற்று. இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரை நடமாட விட்டான். 1696-இல் கோவாவிலிருந்து அவரது சபைத் தோழர்கள் வந்து சேர்ந்தனர். அவர்களுள் ஒருவர் அவருடைய உறவினரான யோசேப் கர்வாலோ அடிகளார்.

1697-இல் கண்டியில் பெரியம்மை பரவியது. மன்னனும் பிரபுக்களும் நகரைவிட்டு வெளியேறினர். தொற்றுக்கு அஞ்சிய குடும்பங்கள் நோயுற்ற உறவினரைக் காட்டிலும் தெருவிலும் விட்டகன்றன. அவர்களைக் கொடியவர்கள் என்று நாம் எளிதில் தீர்ப்பிட வேண்டாம். பெரியம்மைக்குத் தடுப்பூசி கண்டறியப்பட இன்னும் நூறு ஆண்டுகள் இருந்தன. தப்பியோடுவதைத் தவிர வேறு வழி அவர்களுக்குத் தெரியவில்லை.

வாஸ் அடிகளாருக்கும் வெளியேற வழி இருந்தது. நாடு முழுவதும் பரந்திருந்த கத்தோலிக்கருக்கு இருந்த குருக்களோ மிகச் சிலர். மந்தையின் நலன் கருதி உயிரைக் காத்துக்கொள்வதே முறை என்று அவர் எண்ணியிருந்தால் யாரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தரிடமிருந்து அவர் தப்பியதும் அந்த மந்தைக்காகவே. ஆனால் இம்முறை அவர் ஓடவில்லை. ஒளிந்து வாழ்ந்தபோது மக்களுக்காகவே ஒளிந்தார். தங்கியபோதும் மக்களுக்காகவே தங்கினார்.

அவரும் கர்வாலோ அடிகளாரும் குடிசைகள் அமைத்தனர். வெறிச்சோடிய வீடுகளை மருத்துவமனைகளாக மாற்றினர். நாள்தோறும் நோயாளரைத் தேடிச் சென்று தூக்கி வந்தனர். கஞ்சி காய்ச்சி ஊட்டினர், புண்களைக் கழுவினர், படுக்கையைத் துப்புரவாக்கினர். இறந்தவர்க்குக் குழி தோண்டித் தம் கைகளாலேயே அடக்கம் செய்தனர். இவர் கத்தோலிக்கர், இவர் பௌத்தர் என்ற கேள்வி அங்கே எழவில்லை. நோய் தணியும்வரை, மாதக்கணக்கில், இப்பணி நீடித்தது.

மன்னன் இதனை நன்றியுடன் ஏற்றுக்கொண்டான். அடிகளாரின் சமயப் பணிக்குத் தடையற்ற நிலை உருவாயிற்று. ஆனால் அந்த உரிமையை விலையாகக் கேட்டு அவர் நோயாளரைத் தொடவில்லை. ஆயர் பதவி தேடி வந்தபோதும் அதனை ஏற்க மறுத்தார். உழைத்துத் தேய்ந்த உடலுடன் 1711 ஜனவரி 16-ஆம் நாள் கண்டியிலேயே இறைவனடி சேர்ந்தார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995-இல் அவருக்கு அருளாளர் பட்டமும், திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஜனவரி 14-இல் புனிதர் பட்டமும் கொழும்பு காலிமுகத்திடலில் வழங்கினர். இலங்கை பெற்ற முதல் புனிதர் அவரே.

அன்பர்களே! இவ்வாழ்வு உங்கள் குடும்பத்திடம் என்ன கேட்கிறது?

இடர்காலத்தில் நிவாரணப் பட்டியல் ஒன்று எழுதப்படும். அதில் முதலில் யார் பெயரை எழுதுவது? நம் பங்கு மக்களையா, நம் உறவினரையா? நயினாதீவில் அம்மன் கோவிலும் பௌத்த விகாரையும் அருகருகே உள்ளன. அங்கு செல்லும் படகில் எல்லாச் சமயத்தவரும் ஒரே பலகையில் அமர்கின்றனர். கடல் யாரையும் பிரித்துப் பார்ப்பதில்லை என்றால், நம் உதவி மட்டும் பிரித்துப் பார்க்கலாமா? வாஸ் அடிகளார் தேவையை மட்டுமே பட்டியலாகக் கொண்டார். அதே வேளையில், கொடுத்த கஞ்சியைக் காட்டி எவரையும் மதம் மாற அவர் வற்புறுத்தவில்லை. உதவியைத் தூண்டிலாக்குவது உதவியைக் கெடுக்கும், நற்செய்தியையும் கெடுக்கும்.

பணி முடியும்வரை அவர் உடனிருந்தார். புயல் அடித்த வாரத்தில் பொதிகள் குவியும், புகைப்படங்களும் குவியும். இரண்டாம் மாதத்தில் கிணற்றை இறைக்கவும் கூரையை வேயவும் ஆட்கள் குறைந்துவிடுவர். அந்த இரண்டாம் மாதத்தில்தான் கிறிஸ்தவத் தொண்டர் தேவைப்படுகிறார். மேலும் அடிகளார் தனியே நின்று பெயரெடுக்க விழையவில்லை. தம் சபைத் தோழருடன் சுமையைப் பகிர்ந்துகொண்டார். நம் பிள்ளைகள் பங்கின் குழு ஒன்றில் சேர்ந்து உழைப்பது இதற்காகவே.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நம் நாட்டைத் தாக்கியபோது அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அடிகளார் நோயாளரைத் தேடி நடந்த அதே கண்டிப் பகுதியில் மலைச்சரிவுகள் வீடுகளை மூடின. தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என எல்லோரும் அங்கே துயருற்றனர். ஒரு காலத்தில் சில்லாலை மக்கள் காத்த குரு, கண்டி மக்களைக் காத்தார். வடக்கிலுள்ள நாம் அந்த மக்களின் துயரைத் தொலைதூரச் செய்தியாகக் கேட்டுவிட்டு அமைதியாக இருக்கலாகாது.

இவ்வாரம் உங்கள் குடும்பச் செபவேளையில் பிள்ளைகளுக்கு இப்புனிதரின் கதையைச் சொல்லுங்கள். பின்பு உங்கள் ஊரில் நோயுற்று, பார்ப்பாரற்றுக் கிடக்கும் ஒருவரின் பெயரைக் கூறி, அவரை யார் சென்று காண்பது என்று முடிவு செய்யுங்கள். காட்டில் கிடந்தோரைத் தேடிச் சென்ற புனித யோசேவ் வாஸ் நமக்காக வேண்டிக்கொள்வாராக. நல்ல சமாரியரின் இதயத்தை இயேசு ஆண்டவர் நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.