பூமிக்குள் இறங்கிய சட்டத்தரணி

மலை ஏறிப் புகழ் பெற்றவர்களை எல்லோருக்கும் தெரியும். பள்ளத்தில் இறங்கிப் புகழ் பெற்ற ஒருவரை எங்கட ஆக்களில் பலருக்குத் தெரியாது. அவர் பெயர் எட்வார்-அல்பிரட் மார்ட்டெல். பிரான்ஸ் நாட்டவர். குகைகளுக்குள் இறங்கி ஆராய்ந்தவர். அந்த இருட்டுக்குள் படம் பிடித்து, அதைத் திரையில் காட்டிச் சபைகளில் பேசியவர். சித்திரைப் புத்தாண்டு மலருக்கும் இந்த மனிதருக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. அது எங்கட ஊர்க் கிணற்றுத் தண்ணீர். முதலில் அவருடைய கதையைப் பார்ப்போம்.

மார்ட்டெல் 1859ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் திகதி பாரிஸ் நகருக்குப் பக்கத்திலுள்ள பொந்துவாஸ் என்ற ஊரில் பிறந்தார். சட்டத்தரணிகள் குடும்பம். 1866இல், ஏழு வயதுப் பிள்ளையாக, பெற்றோருடன் பிரனீஸ் மலைப் பக்கம் போனபோது கார்காஸ் என்னும் குகையைப் பார்த்தார். அந்த ஆசை அவரை விடவில்லை. ஆனாலும் குடும்ப வழக்கப்படி சட்டம் படித்து, பாரிசில் வர்த்தக நீதிமன்றத்தில் தொழில் செய்தார். குகைக்குப் போனதெல்லாம் லீவு நாட்களில்தான்.

இந்த இடம் எனக்கு நன்றாகப் பிடித்தது. நான் உயர்தரத்தோடு படிப்பை விட்டவன். இங்கே வோபர்னில் குடியிருந்துகொண்டு பக்டரி வேலை செய்கிறேன். வருசத்தில் கிடைக்கிற இரண்டு கிழமை லீவின் அருமை எனக்குத் தெரியும். அந்த மனிதர் தன் லீவு நாட்களை வைத்தே ஒரு புது விஞ்ஞானத்துக்கு அத்திவாரம் போட்டார். படித்த படிப்பு ஒன்று, செய்கிற வேலை ஒன்று, மனம் தேடுகிற காரியம் வேறொன்று என்று வாழுகிற எங்களில் பலருக்கு இது ஆறுதலான செய்தி.

1888ஆம் ஆண்டு பிரான்சின் தெற்கே பிரமாபியோ என்ற இடத்தில் ஒரு ஆறு மலைக்குள் புகுந்து, மறுபக்கம் நீர்வீழ்ச்சியாக வெளியே வருவதைக் கண்டார். உள்ளே என்ன நடக்கிறது என்று அறிய, தன் ஆட்களுடன் அந்த ஆற்றோடு மலையைக் கடந்து மற்றப் பக்கம் வந்தார். அடுத்த வருசம், 1889 ஜூலை 9ஆம் திகதி, பதிராக் என்ற பெரும் பள்ளத்தில் இறங்கினார். 75 மீற்றர் ஆழம். பேய்க் கிடங்கு என்று ஊர்ச்சனம் கதை சொன்ன இடம். அவர் நூலேணி கட்டி இறங்கிப் பார்த்தபோது அடியிலே ஒரு ஆறு ஓடிக்கொண்டிருந்தது. மடித்துக் கொண்டு போகக்கூடிய கன்வஸ் படகில், மெழுகுதிரி வெளிச்சத்தில் அந்த ஆற்றைத் தொடர்ந்து போனார். 1899இல் அந்தக் குகை முறைப்படி திறந்து வைக்கப்பட்டது. இன்றைக்கும் சனம் படகேறிப் பார்க்கிறார்கள்.

அவருடைய வலக்கை போல இருந்தவர் லூயி ஆர்மோன் என்ற இரும்பு வேலைக்காரர். படித்த பெரிய மனிதரல்ல, பட்டறையில் உழைத்தவர். 1897இல் அவர் கண்டுபிடித்த அதிசயமான குகைக்கு அவருடைய பெயரே வைக்கப்பட்டது. உள்ளே நூற்றுக்கணக்கான கற்தூண்கள் காடு போல நிற்கின்றன. ஒன்று 30 மீற்றர் உயரம். நாங்கள் பக்டரியில் செய்கிற சாமானில் எங்கட பெயர் வருவதில்லை. அந்தத் தொழிலாளியின் பெயர் நிலைத்து நிற்கிறது.

1895இல் குகை ஆராய்ச்சிக்கென்று ஒரு சங்கத்தை மார்ட்டெல் பாரிசில் தொடங்கினார். அதே வருசம் ஆகஸ்ட் 1ஆம் திகதி இங்கிலாந்தின் யோர்க்‌ஷயரில் கேப்பிங் கில் என்ற, நீர்வீழ்ச்சி விழுகிற பள்ளத்தில் தனி ஆளாக இறங்கினார். ஏறக்குறைய 100 மீற்றர் ஆழம். அதன் அடியை முதலில் மிதித்தவர் அவர்தான்.

இனி அவருடைய படங்களைப் பற்றி. இன்றைக்கு ரெலிபோனில் படம் எடுக்கிற எங்கட பிள்ளைகளுக்கு அந்தக் கஷ்டம் விளங்காது. அந்தக் காலத்தில் கனமான கமராவையும் கண்ணாடித் தட்டுகளையும் உடையாமல் கயிற்றில் இறக்க வேண்டும். வெளிச்சத்துக்கு மக்னீசியத்தை எரிப்பார்கள். ஒரு கணம் பகல் போல இருக்கும். பிறகு வெள்ளைப் புகை குகையை மூடிவிடும், அடுத்த படத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான். இந்த வேலையை எப்படிச் செய்வது என்று 1903இல் ஒரு புத்தகமே எழுதினார். அந்தப் படங்களைக் கண்ணாடி சிலைட்டுகளாக்கி, விளக்குப் பெட்டியில் வைத்துச் சுவரிலே பெரிதாகக் காட்டி, மண்டபங்களில் பேசினார். பாரிசின் பேர்போன சோர்போன் பல்கலைக்கழகத்திலும் இந்த விசயத்தைக் கற்பித்தார். குகைக்குள் தலை வைத்தும் பார்க்காத சனம் தங்கட காலடிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கதிரையில் இருந்தபடி கண்டார்கள்.

ஆனால் அவருடைய பெரிய வேலை இதுவல்ல. 1891இல் பிரான்சின் லொத் பகுதியில் ஒரு ஊற்றுத் தண்ணீரைக் குடித்து வருத்தம் பிடித்துப் படுத்தார். பார்வைக்குப் பளிங்கு போன்ற தண்ணீர். எழும்பிய பிறகு காரணம் தேடினார். ஊற்றுக்கு மேலேயுள்ள பள்ளத்தில் இறங்கிப் பார்த்தால், செத்த கன்றுக்குட்டி ஒன்று அழுகிக் கிடந்தது. அந்தத் தண்ணீரைத்தான் கீழே குடித்திருந்தார். மண்ணும் மணலும் தண்ணீரை வடிக்கும். சுண்ணாம்புக்கல் அப்படியல்ல. அதிலுள்ள வெடிப்பு வழியே மேலே போட்டது அப்படியே கீழே வந்துவிடும். இதை அவர் விடாமல் சொல்லி வந்தார். 1902 பெப்ரவரி 15ஆம் திகதி பிரான்சில் வந்த பொதுச் சுகாதாரச் சட்டத்தில், செத்த மிருகங்களைப் பள்ளங்களில் எறியக்கூடாது என்ற விதி சேர்க்கப்பட்டது. அந்த விதியை மார்ட்டெல் சட்டம் என்றே சொல்லுவார்கள். 1938 ஜூன் 3ஆம் திகதி, 78ஆவது வயதில் அவர் காலமானார். அவர் காப்பாற்றிய உயிர்களுக்குக் கணக்கில்லை.

இது எங்கோ பிரான்சில் நடந்த கதை என்று விட முடியாது. இதே ஒன்ராறியோவில் வோக்கர்ட்டன் என்ற சிற்றூரில், 2000ஆம் ஆண்டு மே மாதம் பெருமழைக்குப் பிறகு மாட்டெருவிலிருந்த கிருமி, வெடிப்புள்ள பாறை வழியே ஊர்க் கிணற்றில் இறங்கியது. ஏழு பேர் செத்தார்கள். 2,300 பேருக்கு மேல் வருத்தம். மார்ட்டெல் படுத்த அதே காரணம்தான், நூறு வருசத்துக்குப் பிறகு.

இப்ப எங்கட ஊருக்கு வாருங்கோ. யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல்லின் மேல்தான் இருக்கிறது. பெரிய ஆறு ஒன்றும் எங்களுக்கு இல்லை. மழைத்தண்ணீர் கல்லுக்குள் இறங்கிக் கிணற்றில் வருகிறது. நிலாவரைக் கிணற்றில் தேசிக்காய் போட்டால் கீரிமலையில் மிதக்கும் எண்டு பெரியாக்கள் சொல்லுவினம். அது கதையாக இருக்கட்டும். ஆனால் கல்லுக்குள்ளால் தண்ணீர் ஓடித் திரியும் என்ற விசயம் எங்கட முன்னோருக்குத் தெரிந்திருக்கிறது பாருங்கோ. இன்றைக்கு அந்தக் கிணறுகள் பலவற்றில், தோட்டத்து உரத்தாலும் கக்கூசுக் கிடங்காலும் நைத்திரேற்று கூடிப் போயிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சனம் இடம்பெயர்ந்த பிறகு கைவிடப்பட்ட கிணறுகள் சில குப்பைக் கிடங்காகவும் மாறின.

இங்கிருந்து காசு அனுப்பி ஊரில் வீடு கட்டுகிறோம். அறைக்கு அறை குளியலறை, கக்கூசு. நல்லது. ஆனால் அதன் கிடங்கு எங்கே வெட்டுகிறார்கள், எங்கட கிணற்றுக்கும் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம், அடியில் கட்டுவேலை ஒழுங்கா என்று எத்தனை பேர் கேட்கிறோம்? மார்பிளின் நிறத்தைக் கேட்கிறோம், இதைக் கேட்பதில்லை. பக்கத்து வளவில் பாழடைந்த கிணறு கிடந்தால், அதில் குப்பை போட விடாதேங்கோ. அந்தக் குப்பை அந்த வளவோடு நிற்காது.

வருசப் பிறப்பன்று மருத்துநீர் வைத்து முழுகுகிறோம். இங்கே குழாயைத் திறந்தால் ஒன்ராறியோ ஏரித் தண்ணீர் சுத்தமாக்கப்பட்டு வருகிறது. அங்கே எங்கட அம்மா அப்பாவுக்கும் மருமக்களுக்கும் அந்தக் கிணறுதான். இந்த வருசம் வாழ்த்துச் சொல்ல ஊருக்குக் கோல் எடுக்கும்போது, கடைசியாகத் தண்ணீரை எப்ப சோதித்தீர்கள் என்று ஒரு கேள்வியும் கேளுங்கோ. சோதிக்கவில்லை என்றால் அதற்கான காசை முதலில் அனுப்புங்கோ.